அப்பாவின் மெசியை இரும்புக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: அப்பா தவறி நான்கு வருடம். அவருடைய மெசி 135 ட்ரக்டர் கோடிக்குள் மாமரத்தடியில் நிற்கிறது. இறுதி யுத்தத்தில் முள்ளிவாய்க்காலில் விட்டுவிட்டு வந்து, பிறகு அவர் தேடிப்பிடித்து எடுத்த வண்டி. வண்டியின் பதிவுப் புத்தகம் அங்கேயே தொலைந்துவிட்டது, போட்டோப்பிரதி மட்டும் இருக்கு. சைலென்சரில் அவர் கவிழ்த்த பால்மா ரின் இன்னும் அப்படியே இருக்கு. பக்கத்தில் ஒரு சூடடிக்கும் மெசின். பின்வளவுப் பற்றைக்குள் நாங்கள் மீளக்குடியேறி வந்த அன்றே கிடந்த, யாருடையதென்று தெரியாத, ட்ரக்டருக்குப் பின்னால் பூட்டி இழுக்கிற பெட்டி ஒன்று. பழைய இரும்பு எடுக்கிறவர் கிழமைக்கு ஒருக்கால் படலையில் வந்து எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு விலை சொல்கிறார். கனடாவில் இருக்கும் அண்ணா "குடு" என்கிறார், அம்மா வாயே திறக்கிறா இல்லை. என்ன செய்யலாம்?
வாசகி, அக்கராயன்

பதில்: தங்கச்சி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு விலை சொல்கிற ஆளை முதலில் படலையோடு அனுப்பிவிடுங்கள். உங்களிடம் இருக்கிற மூன்றும் மூன்று கதை.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது அந்தப் பால்மா ரின்தான். நிற்கிற எஞ்சினுக்குள் சைலென்சர் வழியாக மழைத்தண்ணீர் இறங்கித்தான் பல வண்டிகளில் பிஸ்டன் இறுகிப்போகிறது, உங்கள் அப்பா அதைத் தெரிந்துதான் கவிழ்த்திருக்கிறார். அதனால் நாலு வருடம் நின்றாலும் நம்பிக்கை இருக்கு. வாங்கும் நோக்கம் இல்லாத ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு முதலில் எஞ்சின் எண்ணெய் பார்க்கிற டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் கறுப்பென்றால் பயமில்லை, பால்தேத்தண்ணி நிறமென்றால் தண்ணீர் போயிருக்கு. அப்புறம் மூன்று இன்ஜெக்டரையும் கழற்றி, ஓட்டைகளுக்குள் கொஞ்சம் டீசலும் எண்ணெயும் கலந்து விட்டு, இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, முன்பக்கம் பெல்ற் ஓடுகிற சில்லில் (புலி) ஸ்பானர் போட்டு மெதுவாகச் சுற்ற வேண்டும். எடுத்தவுடனே பற்றரி பூட்டி ஸ்டார்ட்டர் அடிக்க விடாதீர்கள். ரின்னை எடுக்கும்போதும் பார்த்து எடுங்கள், குளவி கூடு கட்டியிருக்கும்.

சுற்றினால் அது இரும்பில்லை, வண்டி. அதிலுள்ள பேர்க்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு இந்தியச் சாமான் இன்னும் கிடைக்கிறது. சுற்றாவிட்டாலும் கியர்ப்பெட்டி, ஹைட்ரோலிக், பின் றிம் எல்லாம் இன்னொரு 135 வைத்திருக்கிறவருக்குத் தேவைப்படும். நானும் ஒருமுறை ஓடாத லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு ட்ரக்டர்) ஒன்றை இரும்பு விலைக்கு நிறுத்துக் கொடுத்தேன், அடுத்த மாதம் அதன் கியர்ப்பெட்டி மட்டும் ஒரு கராஜில், நான் முழுவதற்கும் வாங்கிய காசைவிடக் கூடிய விலையில் இருந்தது. கடைசியில் இரும்புக்குத்தான் என்றாலும் ரேடியேற்றர் செம்பும் பித்தளையும், ஸ்டார்ட்டருக்கும் தைனமோவுக்கும் உள்ளே செம்புக்கம்பி. அவற்றைக் கழற்றித் தனியாக நிறுக்கச் சொல்லுங்கள்.

புத்தகத்துக்கு வருவோம். "புத்தகம் இல்லாட்டியும் பரவாயில்லை" என்று எடுக்க ஆட்கள் வருவார்கள், சம்மதிக்காதீர்கள். நாளைக்கு அது ஆற்றில் கள்ளமண் ஏற்றிப் பிடிபட்டால் பொலிஸ் தேடி வருவது பதிவில் பெயர் உள்ளவரின் வீட்டுக்குத்தான். தொலைந்ததற்குப் பொலிஸில் முறைப்பாடு போட்டு, போட்டோப்பிரதியிலுள்ள செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வண்டியில் அடித்திருப்பதோடு சரிவருகிறதா என்று பார்த்துக்கொண்டு, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் புத்தகத்தின் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். அப்பா இல்லாததால் அம்மா, அண்ணா, நீங்கள் எல்லோரும் கையெழுத்து வைக்க வேண்டிவரும், ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அண்ணா தொலைபேசியில் "குடு" என்றது போதாது. உதிரியாக விற்றாலும் பதிவை ரத்துச் செய்யத்தான் வேண்டும்.

சூடடிக்கும் மெசினைக் கொடுங்கள். வெட்டுவதும் சூடடிப்பதும் ஒன்றாய்ச் செய்கிற வெட்டு மெசின் வந்தபிறகு நெல்லுக்கு அதை யார் தேடுகிறார்கள்? பெயரிங்கையும் புலியையும் மட்டும் கழற்றி வையுங்கள்.

பற்றைக்குள் கிடக்கிற பெட்டியை யாரும் தொடவேண்டாம், இரும்புக்காரரும்தான். வன்னியில் பற்றைக்குள் இரும்பு பொறுக்கப்போய்க் காலும் கையும் போனவர்களை நீங்களே அறிந்திருப்பீர்கள். கிராம சேவகரிடமோ பொலிஸிலோ சொல்லி, கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் வந்து பார்த்தபிறகுதான் மற்றதெல்லாம்.

அம்மாவைப் பற்றி நான் என்ன சொல்ல, அந்த வண்டியைத் தேடி அப்பா போனபோது வீட்டில் காத்திருந்தவ அவதானே. மெக்கானிக் வருகிற அன்று அவவும் பக்கத்தில் நிற்கட்டும். விற்பதென்று முடிவானால் காலபோக உழவுக்கு முன், ஆவணி புரட்டாதியில் விலை பேசுங்கள்.

கேள்வி: மண்ணெண்ணெயில் ஓடும் தண்ணிப் பம்ப் ஒன்று சும்மா கிடக்கு. வைத்திருக்கவா, விற்கவா?
வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோதே உங்கள் பம்பின் கதை பாதி முடிந்துவிட்டது. தோட்டத்துக்குக் கரண்ட் இருந்தால் மோட்டாரைப் போட்டுவிட்டு இதை விற்றுவிடுங்கள், கரண்ட் இல்லாவிட்டால் வைத்திருங்கள். ஆனால் மாரியில் விற்காதீர்கள், பங்குனி சித்திரையில் கிணறு இறங்கும்போது ஆட்களே கேட்டு வருவார்கள்.