எலிஃபண்டா தீவு: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: உறவினர் திருமணத்துக்காக ஜனவரியில் குடும்பத்துடன் மும்பை செல்கிறோம். திருமணம் முடிந்தபின் ஞாயிறு, திங்கள் ஆகிய இரண்டு நாட்கள் எங்களுக்கு ஓய்வாக இருக்கின்றன. மும்பையை ஒட்டிய கடலில், சிவன் குகைக்கோயில் உள்ள எலிஃபண்டா தீவுக்கு எந்த நாளில் செல்வது நல்லது? எழுபது வயதைக் கடந்த என் மாமியாரால் குகைவரை ஏற முடியுமா? படகுப் பயணம் என்றாலே அவருக்கு அச்சமாக இருக்கிறது.
– வாசகி ஒருவர், திருநெல்வேலி

பதில்: திங்கட்கிழமைகளில் குகைகள் மூடப்பட்டிருக்கும் என்பதால் உங்களுக்கு ஞாயிறு ஒன்றே வழி. அன்று கூட்டம் மிகுதியாக இருக்கும். ஆகவே கேட்வே ஆஃப் இந்தியா அருகிலுள்ள படகுத்துறையிலிருந்து காலையில் முதலில் புறப்படும் படகுகளில் ஒன்றைப் பிடித்துவிடுங்கள். கடற்பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது படகுகளை நிறுத்திவிடுவது உண்டு. ஜனவரியில் அந்தக் கவலை இல்லை.

உங்கள் மாமியாரின் அச்சம் அடியோடு காரணமற்றது என்று சொல்லிவிட முடியாது. 2024 டிசம்பரில் இயந்திரச் சோதனையில் இருந்த கடற்படையின் விசைப்படகு ஒன்று, இத்தீவுக்குச் சென்றுகொண்டிருந்த பயணிகள் படகின்மீது மோதியதில் பலர் உயிரிழந்தனர். அதன்பின் உயிர்காப்பு அங்கி அணிவது கட்டாயமாக்கப்பட்டது. வெயிலாக இருக்கிறது, புழுக்கமாக இருக்கிறது என்று அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகாகத் தெரிந்தால் அடுத்த படகுக்குக் காத்திருங்கள்.

தீவின் படகுத்துறையிலிருந்து படிக்கட்டின் அடிவாரம்வரை சிறிய ரயில் ஒன்று ஓடுகிறது. அதற்குமேல் நூற்றுக்குச் சற்று அதிகமான படிகள். ஏற இயலாதவர்களை நாற்காலியில் அமர்த்தித் தூக்கிச் செல்லும் டோலிக்காரர்கள் அடிவாரத்திலேயே இருப்பார்கள். ஏறுவதற்கு முன்பே, போகவர இரண்டுக்கும் சேர்த்துக் கூலியைப் பேசிக்கொள்வது நல்லது. குரங்குகள் தின்பண்டப் பைகளைப் பறித்துவிடும். தீவில் சுற்றுலாப் பயணிகள் இரவு தங்க அனுமதி இல்லை என்பதால், கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைப் போகும்போதே படகுக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எலிஃபண்டாவின் புகழ்பெற்ற மூன்றுமுகச் சிலையைச் சிலர் மும்மூர்த்தி என்கிறார்கள், சிலர் சதாசிவன் என்கிறார்கள். எது சரி? குகைக்குள் எவற்றைத் தவறாமல் பார்க்க வேண்டும்?
– வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: சதாசிவன் என்பதே ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் கருத்து. அயன், அரி, அரன் மூவரும் ஒன்றாக நிற்கும் வடிவமன்று அது. சிவனுடைய ஐந்து முகங்களில் கண்ணுக்குப் புலப்படும் மூன்று. நமக்கு இடப்பக்கம் மீசையுடன் சீற்றம் காட்டுவது அகோரம். நடுவில் கண்மூடி மோனத்தில் ஆழ்ந்திருப்பது தத்புருஷம். வலப்பக்கம் தாமரை ஏந்திப் பெண்மையின் குழைவோடு இருப்பது வாமதேவம். பின்புறத்து முகம் பாறைக்குள் மறைந்திருப்பதாகவும், ஐந்தாவது முகம் மேல்நோக்கியதாகவும் கொள்வார்கள். ஐந்து மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுள்ள இந்த உருவத்தில் மார்புவரைதான் செதுக்கியிருக்கிறார்கள். மீதி உடல் மலைக்குள் இருப்பதுபோன்ற எண்ணத்தைச் சிற்பி நமக்குள் உண்டாக்கிவிடுகிறான்; முழு உருவமாக வடித்திருந்தால் இந்தப் பிரம்மாண்டம் கைகூடியிராது என்றே நான் நினைக்கிறேன்.

குகைக்குள் நுழைந்தவுடன் நேரே இதன்முன் போய்ப் படமெடுத்துவிட்டுத் திரும்புவதுதான் பலரும் செய்வது. வடக்கு வாயிலில் சற்று நின்று, கண் இருட்டுக்குப் பழகியபின் நடந்தால், தூண்வரிசையின் முடிவில் அந்த முகங்கள் மெல்லத் தெளிந்து வருவதைக் காணலாம். அச்சிலைக்கு, நாம் பார்க்கையில் இடப்பக்கம் அர்த்தநாரீசுவரர், வலப்பக்கம் கங்கையைச் சடையில் தாங்கும் கங்காதரர். மேற்கு வாயிலின் ஒரு புறம் சிவபார்வதி திருமணம், மறுபுறம் சிவன் அந்தகாசுரனைக் கொல்லும் காட்சி. மணக்கோலத்தில் தலைதாழ்த்தி நிற்கும் பார்வதியையும், எதிரிலேயே வெஞ்சினத்துடன் பாயும் சிவனையும் மாறிமாறிப் பாருங்கள். கை கால்கள் சிதைந்த உருவங்கள் இங்கு மிகுதி. வடக்கு வாயிலருகே ஆடும் நடராசருக்குக் கால்கள் பெரும்பாலும் இல்லை. ஆயினும் உடலின் சாய்விலேயே ஆட்டம் தெரிகிறது.

கிழக்கே, இராவணன் கயிலையைப் பெயர்க்கும் காட்சி இருக்கிறது. ஞானசம்பந்தர் தம் பதிகங்களின் எட்டாம் பாடலில் வழக்கமாகப் பாடும் அதே நிகழ்ச்சிதான். இக்குகையோ பெரும்பாலும் அவருக்கு ஒரு நூற்றாண்டு முந்தையது. தேவாரம் அறிந்தவர்களுக்கு அந்தச் சிற்பத்தை விட்டு எளிதில் நகர மனம் வராது.

கேள்வி: இக்குகையைக் குடைவித்த மன்னர் யார்? தீவுக்குப் பெயர் தந்த யானை இப்போதும் அங்கே இருக்கிறதா?
– கல்லூரி மாணவர் ஒருவர், மதுரை

பதில்: இக்குகை ஆறாம் நூற்றாண்டில் களச்சூரி மரபைச் சேர்ந்த மன்னர் கிருஷ்ணராசர் காலத்தது என்ற கருத்துக்கு, இங்குக் கிடைத்த அவருடைய நாணயங்களை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். குகையில் இருந்த கல்வெட்டு ஒன்றைப் போர்ச்சுகீசியர் பெயர்த்தெடுத்துத் தங்கள் அரசருக்கு அனுப்பியதாக அவர்களுடைய வரலாற்றாசிரியர் தியோகோ தோ கோத்தோ எழுதியிருக்கிறார். அந்தக் கல் பிறகு கிடைக்கவே இல்லை. கல் யானை தீவில் இல்லை. 1864-இல் ஆங்கிலேயர் அதை எடுத்துச்செல்ல முயன்றபோது உடைந்துபோயிற்று. துண்டுகளைப் பின்னர் ஒட்டவைத்து, மும்பை பைகுல்லாவிலுள்ள இப்போதைய ஜிஜாமாதா உத்யான் பூங்காவில் நிறுத்தியிருக்கிறார்கள். அதைக் காணப் படகு வேண்டாம்.