தாவுதல் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

அன்னையர் தினத்தன்று மகளின் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. ஒக்ஸானா சுசோவிட்டினா என்ற உஸ்பெகிஸ்தான் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை, மகனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததும் வைத்தியத்துக்காக ஜெர்மனிக்குப் போய், செலவுக்காகப் போட்டி போட்டியாகத் தாவி, 33 வயதில் ஒலிம்பிக் வெள்ளி வாங்கிய கதை. அழுதுவிட்டேன். நானும் காலேஜில் வாலிபால் ஆடியவள், மாநில அளவு வரை போயிருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு விட்டாயிற்று. அந்த வருத்தம் இத்தனை நாள் இருந்தது. ஒரு தாய்க்கு விளையாட்டுகூடப் பிள்ளைக்காகத்தான் என்று இந்த வீடியோவில் புரிந்ததும் மனம் அமைதியாகிவிட்டது. என் ஒன்பது வயது மகள் மூன்று மாதமாக ஜிம்னாஸ்டிக்ஸ் போகிறாள். 16 வயதோடு முடிகிற விளையாட்டு, உயரம் நின்றுவிடும், அடிபடும் என்கிறார்கள் வீட்டில். தொடர்ந்து அனுப்பலாமா? நீங்கள் ஏன் கிரிக்கெட் தவிர வேறு எதையும் எழுதுவதில்லை? என் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த வீடியோ எனக்கும் வந்தது, மூன்று பேரிடமிருந்து. பார்த்த நாள் முதல் மனசுக்குள் ஒரு கோபம் கிடந்தது, உங்கள் கடிதம் அதைக் கிளறிவிட்டது. கிரிக்கெட் பற்றிச் சொன்னது சரிதான், அதை விடுங்கள். உயர விஷயத்தையும் விடுங்கள். உடல் சிறியதாக இருந்தால் காற்றில் சுழல்வது எளிது, அதனால் அப்படிப்பட்டவர்கள் மேலே வருகிறார்கள். வாலிபால் ஆடியவருக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை, உங்கள் டீமில் நெட்டையானவர்கள் பந்தை அடித்து அடித்தா வளர்ந்தார்கள்?

வீடியோவில் சொன்ன எதுவும் பொய் இல்லை. 2002-இல் மகன் அலிஷேருக்கு ரத்தப் புற்றுநோய். குடும்பம் ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்குப் போனது, அங்கிருந்த ஜிம்னாஸ்டிக்ஸ் கிளப்காரர்கள் கைகொடுத்தார்கள். பரிசுப் பணம் வைத்தியத்துக்குப் போனது. 2003-இல் அனஹைமில் நடந்த உலகப் போட்டியில் வால்டில், அதாவது ஓடிவந்து மேசையில் கையை ஊன்றித் தாவுகிற பிரிவில், தங்கம் வாங்கினார், உஸ்பெகிஸ்தானுக்காக. 2006-லிருந்து ஜெர்மனிக்காக ஆடினார். 2008 பெய்ஜிங்கில் வெள்ளி, மகனும் பிழைத்துவிட்டான். இசை உச்சத்துக்குப் போக, வீடியோ அங்கே முடிகிறது.

நான் சண்டை போடுவது அந்த இடத்தில்தான். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் யாரோ வெட்டிவிட்டு நடுத்துண்டை மட்டும் உங்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள், நீங்களும் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டுவிட்டீர்கள்.

முன்பக்கம் இது. 1991-இல் சோவியத் யூனியனின் கடைசி நாட்களில், 16 வயதில், இண்டியானாபொலிஸ் உலகப் போட்டியில் தரைப் பயிற்சியில் தங்கம். அடுத்த வருடம் பார்சிலோனா ஒலிம்பிக்கில், நாடே இல்லாமல் போன பிறகு, ஒருங்கிணைந்த அணி என்ற பெயரில் குழுத் தங்கம். உடம்பை வளைக்காமல் நீட்டிவைத்துக்கொண்டே பின்னோக்கி இரண்டு சுற்று, அதற்குள் ஒரு முழுத் திருகு, தரைப் பயிற்சியில் அந்த வித்தைக்கு இன்றும் சுசோவிட்டினா என்றுதான் பெயர். மகன் பிறந்தது 1999 நவம்பரில். 2000 செப்டம்பரில் அவர் சிட்னி ஒலிம்பிக்கில் நிற்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள், பத்து மாதம். அப்போது எந்த நோயும் இல்லை, எந்த ஆஸ்பத்திரிப் பில்லும் இல்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு பெண் திரும்பப் போய் ஸ்பிரிங் போர்டில் கால் வைத்ததற்கு என்ன காரணம் சொல்லப்போகிறீர்கள்?

பின்பக்கம் இன்னும் நீளம். மகன் தேறிவிட்டான், வைத்தியத்துக்குப் பணம் தேடவேண்டிய நிலை போய்விட்டது. வீடியோவின் கணக்குப்படி அம்மா வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். 2012 லண்டனில் வால்ட் இறுதியில் ஐந்தாவதாக வந்தார். 2016 ரியோவில், 41 வயதில், மறுபடி உஸ்பெகிஸ்தானுக்காக, வால்ட் இறுதியில் ப்ரோடுனோவா செய்யத் துணிந்தார். மேசையில் கையை ஊன்றி முன்னோக்கி இரண்டு கரணம் அடித்துக் காலில் இறங்குகிற தாவல் அது, கொஞ்சம் தப்பினால் கழுத்தில் போய் முடியும். காலில்தான் இறங்கினார், வேகம் தாங்காமல் முன்னால் உருண்டுவிட்டார். நம் தீபா கர்மாகர் 0.150 புள்ளியில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தது அதே இறுதிப் போட்டியில்தான். அன்று இரவு நாமெல்லாம் தீபாவுக்காக விழித்திருந்தோம், அதே வரிசையில் நின்ற இந்த அம்மாளை எத்தனை பேர் கவனித்தோம்? 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் 43 வயதில் வெள்ளி. தங்கம் வாங்கிய கொரியப் பெண்ணுக்கு வயது 16. பிறகு 2021-இல் டோக்கியோ, அவருடைய எட்டாவது ஒலிம்பிக், வயது 46. கொரோனாவால் காலியாகக் கிடந்த அரங்கில் இருந்த சக வீராங்கனைகளும் மற்றவர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அழுதுகொண்டே விடைபெற்றார், இனி மகனோடு இருக்கப்போகிறேன் என்றார். சில மாதங்களில் திரும்பி வந்துவிட்டார். 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் 48 வயதில் நான்காமிடம்.

மகனுக்காக ஓடிய வருடங்கள் ஓர் ஆறு இருக்கும். மீதி? அதற்கு முன்னும் பின்னும் உள்ள இருபத்தைந்து வருடங்கள் யாருக்காக? ஏன் அந்த வருடங்களுக்கு வீடியோ எடுக்கத் தோன்றவில்லை? தனக்குப் பிடித்ததால் ஒரு தாய் தாவினாள் என்று சொன்னால் அன்னையர் தினத்தில் யாரும் அழமாட்டார்கள், அதனால்தானே?

16 வயதோடு முடிகிற விளையாட்டு என்பதும் இப்படி வெட்டிக் கொடுத்த கதைதான். 1956 மெல்போர்னில் ஹங்கேரியின் ஆக்னஸ் கெலெட்டி நான்கு தங்கம் வாங்கியபோது வயது 35. சோவியத்தின் லாரிசா லத்தீனினா 1958 உலகப் போட்டியில் ஐந்து தங்கம் வாங்கினார், வயிற்றில் நான்கு மாதக் குழந்தையோடு. 1976-இல் 14 வயது நாடியா கொமனேச்சி பத்துக்குப் பத்து வாங்கியது பெரிய அதிசயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்துக்குப் பிறகுதான் இது சிறுமிகளின் விளையாட்டு என்று உலகத்தின் மனதில் பதிந்துபோனது.

இவ்வளவு சூடாக எழுதுகிறேனே என்று நினைக்காதீர்கள். எனக்கு ஒரு சித்தி உண்டு. ஒன்பதாம் வகுப்பில் நீளம் தாண்டுதலில் மாவட்ட அளவில் முதல் பரிசு. பள்ளிக்கூடத்து மணல் குழியில் சித்தி தாண்டியதை நான் ஐந்து வயதில் பார்த்திருக்கிறேன் என்று அம்மா சொல்வாள், எனக்கு நினைவில்லை. பெரியமனுஷி ஆனதும் தாத்தா போதும் என்றுவிட்டார். எனக்கு நினைவிருப்பது வேறு ஒன்று. சித்திக்கு 47 வயது, நடவு நேரம், எல்லோரும் வயலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போனது, தென்னை மரப் பாலம் கொஞ்சம் தள்ளி இருந்தது. சித்தி தூக்குவாளியை என் கையில் கொடுத்தாள். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி இடுப்பில் செருகினாள். பத்தடி பின்னால் போனாள். அப்புறம் ஓடிவந்தாள். கடைசி இரண்டு எட்டு மட்டும் சின்னதாக, அடுத்தடுத்து விழுந்தது. அக்கரையில் இரண்டு காலும் சேர்ந்து இறங்கின, ஈர மண்ணில் குதிகால் தடம் இரண்டும் ஒரே கோட்டில் இருந்தன. திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தாள், அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இந்த வயசுல இடுப்பு ஒடிஞ்சா யாரு பாக்கிறது?" என்று அவள் மகன் கத்தினான். நானும் சேர்ந்து திட்டினேன். பேரன் எடுக்கப்போகிற வயதில் இதென்ன வேலை என்று கேட்டேன். சித்தி சேலையை இறக்கிவிட்டு ஒன்றும் பேசாமல் வரப்பில் நடந்தாள். பிறகு அவள் எதையும் தாண்டி நான் பார்த்ததில்லை. நான்கு வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டாள். டோக்கியோவில் 46 வயதுப் பெண் ஒருத்தி ஓடிவருவதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, கடைசி எட்டுகளில் சித்தியைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன்.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் 'மனம் அமைதியாகிவிட்டது' என்ற வரியைப் படித்ததும் கோபம் வந்தது. என்ன அமைதி அது? நீங்கள் வாலிபாலை விட்டது உங்கள் பிள்ளைக்காக இல்லை, பிள்ளை பிறப்பதற்கு முன்பே கல்யாணத்தோடு விடவைத்திருக்கிறார்கள். அந்த வருத்தம் உங்களுடையது, நியாயமானது. முப்பது விநாடி இசைக்கு அதை விற்றுவிடாதீர்கள் அம்மா.

மகளைக் கேட்டீர்கள் அல்லவா, அனுப்புங்கள். அடிபடும், உண்மைதான். அதனால் மெத்தை தடிமனாக இருக்கிறதா, வலிக்கிறது என்று அவள் சொன்னால் பயிற்சியாளர் நிறுத்துகிறாரா என்று மட்டும் உட்கார்ந்து பாருங்கள். நிறுத்தாத ஆள் என்றால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

சாயங்காலம் ஐந்து முதல் ஆறரை வரை வெளியே பெஞ்சில் காத்திருப்பதாகக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்கள், நீளம் கருதி அதை மேலே போடவில்லை. அந்த மைதானத்தில் வாலிபால் நெட் கட்டியிருக்கிறதா? யார் ஆடுகிறார்கள்? பார்த்து எழுதுங்கள்.