திட்டினால்தான் மருத்துவ மாணவர்கள் கற்றுக்கொள்வார்களா?

தவறு செய்யும் மருத்துவ மாணவரைத் திட்டாமல் விட்டால் அலட்சியம் வந்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். வார்டில் பாடம் எடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: திட்டினால் தவறு குறையாது, அது நம் காதுக்கு வருவதுதான் குறையும்.

ஒருமுறை ஒரு நோயாளிக்குப் பொட்டாசியம் 8.9 என்று ரிப்போர்ட் வந்தது. 5-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும், 8.9 என்றால் இதயமே தடுமாறும். மனிதரோ கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஈசிஜியிலும் ஒன்றுமில்லை. கால்சியம் மட்டும் அதலபாதாளத்தில். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

ரத்தம் எடுத்த மாணவியிடம் "யார் பார்த்த வேலை இது?" என்று கேட்டிருந்தால் "தெரியாது சார்" என்றிருப்பாள். "எப்படி எடுத்தாய், முதலிலிருந்து சொல்லும்மா" என்றேன். பொட்டாசியம் பார்க்க அனுப்பும் மஞ்சள் மூடிக் குழாயில் ரத்தம் போதவில்லை. ஊதா மூடியில் கூடுதலாக இருந்தது. அவரை மறுபடி குத்த மனசு வராமல் அதிலிருந்து இதில் ஊற்றியிருக்கிறாள். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்ப்பது இ.டி.டி.ஏ.வின் பொட்டாசிய உப்பு. அது பொட்டாசியத்தைக் கூட்டிக் காட்டும், கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். புதிதாக எடுத்து அனுப்பினோம்: 4.2. பழைய ரிப்போர்ட்டை நம்பி, பொட்டாசியத்தைக் குறைக்க இன்சுலின் ஏற்றியிருந்தால்? இரக்கப்பட்டுச் செய்த காரியம்தான், பாருங்கள்.

அவள் முகம் தொங்கிப்போனதால் என் கதையைச் சொன்னேன். பயிற்சிக் காலத்தில் இன்சுலின் அளவை 10 என்று எழுதி, பக்கத்தில் யூனிட்டுக்காக 'யு' என்ற ஆங்கில எழுத்தை ஒட்டிப் போட்டேன். பார்க்க 100 மாதிரியே இருந்தது. நர்ஸ் அக்கா வந்து கேட்டதால் தப்பித்தோம். அன்றிலிருந்து 'யூனிட்' என்று முழுசாகத்தான் எழுதுகிறேன்.

மறுநாள் அவளே விரும்பி வகுப்பில் குழாய் விஷயத்தை விளக்கினாள். அந்த வாரமே இன்னும் இரண்டு பேர் தாங்களாக வந்து தங்கள் சொதப்பலைச் சொன்னார்கள். இறப்புகளை அலசும் பெரிய கூட்டங்களில் இது நடப்பதில்லை. அங்கே மாணவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து பெரியவர்கள் வாதாடுவதை வேடிக்கை பார்ப்பதோடு சரி.

அப்புறம், நான் கோபமே படாதவன் என்று நினைக்க வேண்டாம். ரத்த அழுத்தம் பார்க்காமலேயே 120/80 என்று எழுதிவைத்த பையனிடம் வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தியிருக்கிறேன். அதில் எனக்கு வருத்தமில்லை. நோயாளி முன்னால் கத்தியதுதான் என் தப்பு.