கண்ணில் ஒட்டும் ‘கரையும் சவ்வு’ என்றால் என்ன?

கருவிலிருக்கும் குழந்தையைச் சுற்றியுள்ள பனிக்குடப் பையின் உட்சவ்வுதான் அது. 1940-லேயே கண்ணுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கம் உப்பளத்திலும் கடலில் வள்ளத்திலும் வெயில், காற்றோடு பிழைப்பவர்களுக்கு வெள்ளை விழியிலிருந்து கருவிழிமேல் முக்கோணமாகச் சதை படரும். அதை வெட்டிய இடத்தில் நோயாளியின் சொந்தக் கண்சவ்வை ஒட்டுவதே மேல்; அது போதாதபோது இந்தப் பனிக்குடச் சவ்வு. சுண்ணாம்பு தெறித்து வெந்த கண்ணுக்கும் உதவும்.

இதில் ரத்தக்குழாய் கிடையாது. அழற்சியையும் தழும்பையும் குறைக்கும். பந்தலில் புடலங்கொடி படர்வதுபோல் புது செல்கள் இதன்மேல் ஊர்ந்து புண்ணை மூடும். ஒரே வித்தியாசம், இந்தப் பந்தல் பெரும்பாலும் சில வாரங்களில் தானே கரைந்துவிடும்.

குழந்தையிடமிருந்து எதையோ அறுத்தெடுக்கிறார்கள் என்ற பேச்சு தவறு: சிசேரியனுக்குப் பின் கழிவாகப் போகும் நஞ்சுக்கொடியிலிருந்து, தாயின் சம்மதத்தோடு, அவருக்கு ரத்தப் பரிசோதனை செய்தே எடுக்கிறார்கள்.