விடுவதா, வைத்துக்கொள்வதா: தூண்டில்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

என் துறை நன்னீர் மீன்கள். பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுவோர், பிடித்த மீனை என்ன செய்வது என்று கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேள்வி எழுதும்போது மீன் என்ன இனம், தண்ணீர் எப்படிப்பட்டது என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். இவை தெரியாமல் "விடலாமா?" என்று கேட்டால், நோயாளியைப் பார்க்காமல் மருந்து எழுதச் சொல்வது போலாகிவிடும்.

கேள்வி: விடப்பட்ட மீன் உண்மையில் பிழைக்கிறதா? அல்லது நம் மன ஆறுதலுக்குத்தான் அதை விடுகிறோமா?

பெரும்பாலும் பிழைக்கிறது, ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. 2005-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பல இனங்களில் செய்யப்பட்ட சோதனைகளிலிருந்து 274 இறப்புக் கணக்குகளைத் திரட்டியது. சராசரியாக 18 விழுக்காடு மீன்கள் இறந்திருந்தன. அதே கணக்குகளை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நிற்பதை எடுத்தால் அது 11 விழுக்காடுதான். இரண்டு எண்களுக்கும் இவ்வளவு இடைவெளி இருப்பதன் பொருள், பல இடங்களில் இறப்பு மிகக் குறைவு, சில இடங்களில் மிக அதிகம் என்பதே. அந்தச் சில இடங்களை உண்டாக்குவது பெரும்பாலும் தூண்டில் பிடித்திருக்கும் கைதான்.

முதல் காரணம், தூண்டில் முள் எங்கே குத்தியது என்பது. உதட்டிலோ தாடையின் ஓரத்திலோ குத்தினால் காயம் சிறியது. தொண்டையிலோ செவுளிலோ குத்தினால் இரத்தப்போக்கிலேயே மீன் போய்விடும். இரண்டாவது காரணம், மீன் காற்றில் இருந்த நேரம். 1992-இல் வெளியான ஒரு சோதனையில், வானவில் டிரவுட் மீன்களைக் களைத்துப்போகும்வரை விரட்டிய பிறகு, சிலவற்றை நீரிலேயே விட்டார்கள். அவற்றில் 12 விழுக்காடு இறந்தன. 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 38 விழுக்காடும், 60 விநாடி வைத்தவற்றில் 72 விழுக்காடும் இறந்தன. இனத்துக்கு இனம் இந்த எண்கள் மாறும், போக்கு மாறாது. நீருக்கு வெளியே செவுளின் மெல்லிய இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், ஓடிக் களைத்து மூச்சுக்குத் தவிக்கும் நேரத்தில் மீனின் மூச்சு முற்றிலும் அடைபட்டுவிடுகிறது.

மூன்றாவது காரணம் வெப்பம். 20 பாகை நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 பாகையில் ஏறக்குறைய 7.5 தான். வெதுவெதுப்பான நீரில் மீனுக்குத் தேவை கூடுகிறது, நீரில் இருப்பதோ குறைகிறது. கடும் வெயில் நாளின் பிற்பகலில், விடும் எண்ணத்தோடு தூண்டில் போடாமல் இருப்பதே நல்லது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இனிமேலும் சொல்வேன்: கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். மீனின் மேல் இருக்கும் வழவழப்பு வெறும் அழுக்கு அன்று. கிருமிகளைத் தடுக்கும் காப்பு. உலர்ந்த கையும் துணியும் முடிச்சுள்ள வலையும் அதை உரித்துவிடுகின்றன. அந்த மீன் உங்கள் கண்முன்னே நீந்திப் போய், ஒரு வாரம் கழித்துப் பூஞ்சை பிடித்துச் சாகக்கூடும்.

கேள்வி: மீன் முள்ளை விழுங்கிவிட்டது. இடுக்கியால் எடுத்துவிடலாமா?

வேண்டாம். தூண்டில் கயிற்றை முள்ளுக்கு மிக அருகில் வெட்டிவிட்டு மீனை விடுங்கள். ஆழத்தில் குத்திய முள்ளைத் தோண்டி எடுப்பதைவிட அப்படியே விட்டால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதைப் பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. முள்ளைப் பல மீன்கள் நாளடைவில் வெளியேற்றிவிடும். அடுத்த முறை முனை உள்நோக்கி வளைந்த வட்ட முள்ளைப் பயன்படுத்துங்கள். அது தொண்டையிலிருந்து வழுக்கி வந்து தாடையோரத்தில் பற்றும். ஆனால் இரை இழுபட்டதும் வெடுக்கென்று சுண்டும் பழக்கத்தை விட வேண்டும். சுண்டினால் வட்ட முள்ளின் பயனே போய்விடும். எதிர்முள் இல்லாத முள்ளாகவும் இருந்தால், கழற்றும் வேலை நீருக்குள்ளேயே சில விநாடிகளில் முடியும்.

கேள்வி: படம் எடுப்பதற்காக மீனை எவ்வளவு நேரம் வெளியே வைத்திருக்கலாம்?

மேலே உள்ள எண்களைப் பாருங்கள். மீனைத் தூக்கும்போது நீங்களும் மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள். படம் எடுப்பவர் தயாராகாத வரை மீன் நீருக்குள்ளேயே இருக்கட்டும். பெரிய மீனை உதட்டைப் பிடித்துத் தொங்கவிடாதீர்கள். அதன் எடை முழுவதும் தாடை மூட்டில் இறங்கும்.

கேள்வி: ஆழமான நீர்த்தேக்கத்தில் பெர்ச் மீன் பிடித்தேன். விட்டதும் வயிறு மேலாக மிதந்தது. வாய்வழியே ஏதோ பிதுங்கியிருந்தது. அதைக் குத்திக் காற்றை வெளியேற்றலாமா?

பிதுங்கியிருந்தது பெரும்பாலும் இரைப்பை. அதைக் குத்தினால் மீன் செத்துவிடக்கூடும். கெண்டை, டிரவுட் போன்றவற்றின் காற்றுப்பையிலிருந்து உணவுக்குழலுக்கு ஒரு வழி உண்டு. அவை ஏப்பம் விடுவது போலக் காற்றை வெளியேற்றிக்கொள்ளும். பெர்ச் வகைகளுக்கு அந்த வழி அடைபட்டது. 10 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே இழுத்தால் உள்ளே இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரிகிறது. 20 மீட்டரிலிருந்து என்றால் மூன்று மடங்கு. கனமான குண்டு கட்டிய இறக்குக் கருவியில் மாட்டி, மீனைப் பிடித்த ஆழத்துக்கே கொண்டுபோய் விட்டால், காற்று மறுபடி சுருங்கி அது பிழைக்கக்கூடும். கருவி இல்லாதவர், அவ்வளவு ஆழத்தில் விடுவதற்காக மீன் பிடிக்கக் கூடாது.

கேள்வி: நான் செல்லும் ஏரியில் வெளியிலிருந்து வந்த கெண்டை மிகுந்துவிட்டது. எந்த மீனானாலும் விடுவதே என் கொள்கை. நண்பர் கொல்லச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

விடுவதைக் கொள்கையாக வைத்துக்கொண்டதில்தான் சிக்கல். வலை, உளி போல அதுவும் ஒரு கருவி. எந்த நீரில், எந்த மீனுக்கு என்று பார்த்துத்தான் கையில் எடுக்க வேண்டும்.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஏரியைப் பாருங்கள். அங்கே மண்ணின் மீன் கட்த்ரோட் டிரவுட். 1994-இல் அந்த ஏரியில் லேக் டிரவுட் என்ற வேற்றுநீர் மீன் இருப்பது தெரியவந்தது. அது கட்த்ரோட்டைத் தின்று வளர்வது. கட்த்ரோட் முட்டையிட ஓடைகளில் ஏறும்போது கரடியும் நீர்நாயும் விராலடிப்பானும் அதைத் தின்று வாழ்ந்தன. லேக் டிரவுட்டோ ஆழத்திலேயே தங்கிவிடுவதால் அவற்றின் கைக்கு எட்டாது. ஆகவே ஒரு மீன் இன்னொன்றின் இடத்தைப் பிடித்தபோது, கரைமேல் வாழும் உயிர்களின் உணவும் சேர்ந்தே போயிற்று. இன்று அங்கே தூண்டில் போடுபவருக்கு விதி இதுதான்: கட்த்ரோட் சிக்கினால் விட வேண்டும்; லேக் டிரவுட் சிக்கினால் கொல்ல வேண்டும். ஒரே படகில், ஒரே காலையில், ஒரே கை இரண்டையும் செய்கிறது.

கெண்டைக்கும் இதே கதைதான். இங்கிலாந்தில் ஒரு பெரிய கெண்டைக்குப் பெயர் வைத்து, மெத்தையில் கிடத்தி முள்ளைக் கழற்றி, காயத்துக்கு மருந்து தடவி விடுகிறார்கள். பென்சன் என்று பெயர்பெற்ற ஒரு கெண்டை 2009-இல் இறப்பதற்கு முன் 60-க்கும் மேற்பட்ட முறை பிடிபட்டது. ஆஸ்திரேலியாவின் மர்ரே–டார்லிங் ஆற்றுப்படுகையில் அதே இனம் பல இடங்களில் மொத்த மீன் எடையில் பெரும்பங்காகி, அடிமண்ணைக் கிளறி நீரைக் கலக்கி, நீர்த்தாவரங்களைப் பிடுங்கிவிட்டது. குயின்ஸ்லாந்தில் பிடித்த கெண்டையை உயிரோடு திரும்ப விடுவது குற்றம். உங்கள் ஏரிக்கான விதியைக் கேட்டறிந்து அதன்படி செய்யுங்கள்.

கேள்வி: அப்படியானால் அயல் மீனைக் கரையில் வீசிவிட்டுப் போகலாம் அல்லவா? ஒழிய வேண்டிய மீன்தானே?

கூடாது. கொல்ல வேண்டியதைக் கொல்வது வேறு, துடிக்க விடுவது வேறு. 2003-இல் வெளியான ஆய்வு ஒன்றில், டிரவுட் மீன்களின் உதட்டில் எரிச்சலூட்டும் அமிலம் செலுத்தப்பட்டபோது, அவை உணவை நிறுத்தின, உதட்டைத் தரையில் தேய்த்தன. அது நாம் உணரும் வலிதானா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். அந்த வாதம் முடியும்வரை மீனின் பக்கம் சாய்வதில் நமக்கு நட்டமில்லை. கண்களுக்குச் சற்றுப் பின்னே, தலையின் மேல் கனமான தடியால் ஓங்கி ஓர் அடி அடித்தால், ஒரு விநாடியில் முடிந்துவிடும். கெண்டை காற்றில் நெடுநேரம் சாகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: கொண்டுவந்து விட்டவன் மனிதன். தண்டனை மட்டும் மீனுக்கா? நூறாண்டுக்கு மேலாக ஓர் ஆற்றில் வாழும் மீனை எப்போதுதான் அந்த ஆற்றின் மீன் என்பீர்கள்?

உங்கள் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. உங்கள் முடிவை மட்டும் ஏற்கமாட்டேன். வெளியிலிருந்து வந்த மீன் எல்லாம் ஊடுருவும் மீன் ஆகிவிடாது. வந்த இடத்தில் மற்றவற்றின் வாழ்வைக் குலைத்துப் பரவுவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதை வைத்து அதைச் சொல்வதில்லை. விக்டோரியா ஏரியில் நைல் பெர்ச் 1950-களில் விடப்பட்டது. 1980-களில்தான் பெருகி, வேறெங்கும் இல்லாத சிறு மீனினங்கள் பலவற்றை இல்லாமல் செய்தது. காலம் கடந்ததால் அது அடங்கிவிடவில்லை.

மனிதன்மீது நீங்கள் வைக்கும் குற்றச்சாட்டில் நியாயம் உண்டு; அதில் தூண்டில்காரர்களாகிய நமக்குப் பெரும்பங்கு உண்டு. உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் இனங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் எட்டு மீன்கள் உள்ளன. வானவில் டிரவுட், பழுப்பு டிரவுட், பெருவாய் பாஸ், கெண்டை ஆகிய நான்கும் அவற்றில் அடக்கம். நாம் ஆசைப்பட்டுப் பிடிக்கும் மீன்களே இவை. கெண்டையை வெறுக்கும் தூண்டில்காரர், டிரவுட்டும் வேறு கண்டத்திலிருந்து வந்தது என்று சொன்னால் முகம் சுளிப்பார். அழகான மீனை விருந்தாளி என்றும் அழகற்றதை ஊடுருவி என்றும் நாம் பிரித்து வைத்திருக்கிறோம்.

கேள்வி (கரையில் வீசுவது பற்றிக் கேட்டவர்): நீங்கள் இரண்டு பக்கமும் பேசுகிறீர்கள். நான் ஒரு நாளில் பத்துக் கெண்டை கொன்றால் ஏரிக்கு நல்லதா, இல்லையா?

பெரும்பாலும் எந்த வேறுபாடும் இராது. ஒரு பெரிய பெண் கெண்டை பத்து லட்சத்துக்கும் மேல் முட்டை இடும். நீங்கள் பத்தை எடுத்தால், மிஞ்சியவற்றின் குஞ்சுகளுக்கு இரையும் இடமும் கூடி, அவை அதிகம் பிழைக்கும். யெல்லோஸ்டோனில் கூடத் தூண்டிலை மட்டும் நம்பாமல், ஆண்டுதோறும் செவுள்வலைகள் போட்டு லட்சக்கணக்கில் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆகவே கொல்லும் விதியைப் பின்பற்றுங்கள். அதனால் ஏரியைக் காத்துவிட்டேன் என்று மட்டும் எண்ணாதீர்கள். தூண்டில்காரர் உண்மையில் தடுக்கக்கூடியது, அடுத்த ஏரிக்கு அந்த மீன் போவதை.

கேள்வி (மீனுக்காக வாதிட்டவர்): நீங்களே ஒப்புக்கொள்கிறீர்களே, கொல்வதால் பயனில்லை என்று!

ஒரு கருவி தனியாகப் போதாது என்பதும் அது வீண் என்பதும் ஒன்றல்ல. சிறிய குட்டையிலும், மீன் புதிதாக நுழைந்த தொடக்கக் காலத்திலும் பிடிக்கும் ஒவ்வொன்றும் கணக்குத்தான். இந்த வாதத்தை நீங்கள் இருவரும் தனியே தொடருங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: மிஞ்சிய உயிர் இரைமீன்களை ஏரியிலேயே விட்டுவிடலாமா? கொல்ல மனம் வரவில்லை.

விடாதீர்கள், விடாதீர்கள், விடாதீர்கள். வாளியிலிருந்து கவிழ்த்த இரைமீன்கள்தான் பல நீர்நிலைகளில் ஊடுருவிகளின் முதல் தலைமுறை. வாளியின் நீரையும் ஆற்றில் ஊற்றாமல், கரையிலிருந்து தள்ளி மண்ணில் ஊற்றுங்கள். கண்ணுக்குத் தெரியாத குஞ்சும் முட்டையும் கிருமியும் அதில் இருக்கும். காலணியும் வலையும் அப்படியே. நியூசிலாந்தில் 2004-இல் ஓர் அயல் பாசி ஆறுகளில் காணப்பட்டது. ஈரம் காயாத, கம்பளி அடிப்பாகம் கொண்ட காலணிகளில் அது ஒட்டிப் பயணிக்கும் என்பதால், 2008-இல் அவற்றுக்கே தடை விதித்தார்கள். கழுவுங்கள், முழுதும் உலரவிடுங்கள், அதன் பிறகு அடுத்த நீருக்குப் போங்கள்.

கேள்வி: சில நாடுகளில் பிடித்து விடுவதே குற்றமாமே?

ஆம். சுவிட்சர்லாந்தில், விடும் நோக்கத்தோடு மீன் பிடிப்பது 2009 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. உண்பதற்காகப் பிடிப்பது நியாயமான காரணம், விளையாட்டுக்காகத் துன்புறுத்துவது அப்படி அன்று என்பது அவர்கள் நிலைப்பாடு. அதை முழுதும் ஏற்கமாட்டேன். எளிதில் தள்ளிவிடவும் என்னால் முடியாது.

கேள்வி: விடுவதால் அறிவியலுக்கு ஏதாவது பயன் உண்டா?

குறிப்பு எழுதினால் உண்டு. காவிரியில் மகசீர் பிடித்து விட்டவர்கள் 1998 முதல் 2012 வரை எழுதி வைத்த பிடிப்புக் கணக்குகளைப் பிற்பாடு ஆய்வாளர்கள் அலசியபோது, குஞ்சுகளாகக் கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மகசீர் பெருகி வர, அந்த ஆற்றுக்கே உரிய திமில் மகசீர் சரிந்துவந்தது தெளிவாயிற்று. 2018-இல் அந்தத் திமில் மகசீர் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. அதைப் பெருக்குவதாக எண்ணி வேறொரு மகசீரை விட்டவர்கள் மீன்மேல் அன்புள்ளவர்கள்தாம் என்பது எனக்கு இன்னும் வருத்தம் தரும் செய்தி.

கேள்வி: திலாப்பியாவுக்கு எந்த இரை நன்றாக இழுக்கும்?

இரை பற்றிச் சொல்ல என்னைவிடத் தேர்ந்தவர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: முந்தையவை எதையும் படிக்கவில்லை, மன்னிக்கவும். படம் எடுக்க எத்தனை நிமிடம் வெளியே வைக்கலாம்?

நிமிடக் கணக்கே கிடையாது. மேலே சென்று 1992-ஆம் ஆண்டுச் சோதனையைப் படியுங்கள்.

கேள்வி: இப்போதுதான் ஒரு மீன் பிடித்தேன். பொன்னிறம், பெரிய செதில். கெண்டையா, தங்கமீன் வகையா என்று தெரியவில்லை. விடவா, கொல்லவா?

வாயோரத்தைப் பாருங்கள். கெண்டைக்கு மேலுதட்டில் இரண்டு இணை மீசைகள் இருக்கும். தங்கமீனுக்கு ஒன்றும் இராது. கலப்பினமானால் மீசை குட்டையாகவோ குறைவாகவோ இருக்கலாம். எண்ணிவிட்டு, அந்த நீருக்கான விதியையும் பார்த்து எழுதுங்கள். அதுவரை மீன் வலையோடு நீருக்குள் இருக்கட்டும், கையை நனைத்துக்கொள்ளுங்கள்.