மண்ணெண்ணெயில் ஓடிய மைனர்

அன்புள்ள அண்ணா,

நான் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன், வயது 38. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் அம்மப்பாவின் மொறிஸ் மைனர் இன்னும் மாமரத்தடியில் படங்கு மூடியபடி நிற்கிறது. அவர் தபாலதிபராக இருந்தபோது வாங்கியது. ஐந்து வயதில் ஊரைவிட்டு வந்துவிட்டேன். ஆனாலும் அந்தக் கார் சீற்றின் மணம் ஞாபகம் இருக்கிறது. கொழும்பில் ஒருவர் கலியாண ஓட்டங்களுக்காக அதை விலைக்குக் கேட்கிறார். மாமா விற்கச் சொல்கிறார். எனக்கு மனமில்லை. ரொயோட்டா எஞ்சின் இறக்கி, ஏசி பூட்டி, புதுப் பெயின்ற் அடித்து வைத்திருக்கலாம் என்று நினைக்கிறேன். சின்ன வயதில் ஏறிய முதல் கார்தான் பழைய கார் ஆசையை ஆயுளுக்கும் விதைக்கிறது என்று வாசித்தேன். உண்மையா? உங்கள் கதைகளில் மைனர் அடிக்கடி வருவதால் கேட்கிறேன். என்ன நிறம் அடிக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

*

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு கிழமையாக மண்ணெண்ணெய்ப் புகையின் மணத்தை ஒரு பந்தியில் எழுதிவிடப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துச் சீற்று மணம் என்று நீர் எழுதுகிறீர். வரிசையில் இருந்த மற்றக் கடிதங்களை ஒதுக்கிவிட்டு உமக்கு எழுத உட்கார்ந்தேன்.

விற்பதா வைப்பதா என்பதை மாமாவோடு பேசித் தீர்த்துக்கொள்ளும். அந்தக் காணிக்குள் நான் காலடி வைக்கமாட்டேன். முதலில் ஏறிய வாகனம் ஆயுளுக்கும் விதைக்குமாம். நான் முதலில் ஏறியது இ.போ.ச. என்ற அரச பஸ். அதன்மேல் எனக்கு எந்தக் காதலும் முளைக்கவில்லை.

ஆனால் ரொயோட்டா எஞ்சின் என்று எழுதின அந்தக் கையை என்ன செய்யலாம்? வேலை முடிந்ததும் உம்முடைய வளவில் நிற்கப்போவது மைனரின் சட்டையைப் போட்டுக்கொண்ட ரொயோட்டா. அதற்கு ரொயோட்டாவையே வாங்கலாமே, கதவாவது ஒழுங்காகப் பூட்டுப்படும். பொனற்றைத் திறந்து அம்மப்பாவின் எஞ்சினை ஒருதரமாவது பார்த்தீரா? பார்த்திருந்தால் கடிதத்தில் ஒரு வரியாவது இருந்திருக்கும்.

என் அப்பா ஆசிரியர். அவருடைய மைனர் 1954ஆம் ஆண்டுக் கார். முன்கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டாக இருக்கும். திரும்பும்போது பக்கம் காட்ட, கதவுத் தூணிலிருந்து சின்னக் கை ஒன்று வெளியே நீளும். சில நாள் நீண்ட கை உள்ளே போகாது, பின்சீற்றிலிருந்து நான் எட்டித் தட்டிவிடுவேன். நம்பர் தகட்டில் ஆங்கில எழுத்து. 1958இல் அரசாங்கம் புது நம்பர் தகடுகளுக்குக் கொண்டுவந்த சிங்கள ஸ்ரீயை அழித்துவிட்டுத் தமிழ் ஸ்ரீ எழுதிக்கொண்டு சனம் திரிந்த காலத்தில் அந்தத் தகட்டை ஒருவரும் தொடவில்லை. சண்டைக்கு முந்திப் பிறந்த கார் என்று அப்பா சொல்வார். எந்தச் சண்டை என்று நாங்கள் கேட்டதில்லை.

பொனற்றின் நடுவால் ஒரு பட்டி ஓடும், கவனித்திருக்கிறீரா? இசிகோனிஸ் என்ற மனிதர் இந்தக் காரை வடிவமைத்து, மாதிரி வண்டியும் செய்து நிறுத்தியபிறகு, ஒடுக்கமாகத் தெரிகிறதே என்று நீட்டுக்கு இரண்டாக அறுத்து, நாலு அங்குலம் அகட்டிப் பார்த்தாராம். அந்த நாலு அங்குலம்தான் அந்தப் பட்டி. 1948இல் லண்டன் கண்காட்சிக்கு வந்தது. கம்பனிக்காரரான நஃபீல்ட் பிரபுவுக்கே பிடிக்கவில்லை, அவித்த முட்டை என்று நக்கலடித்தார். பத்து லட்சம் என்ற கணக்கைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார் அந்த முட்டைதான்.

இதெல்லாம் பிறகு வாசித்தது. 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பெற்றோலுக்குத் தடை, பற்றறிக்குத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம். நீர் அப்போது கைக்குழந்தை, அல்லது விமானத்தில் இருந்திருப்பீர். ஊரில் இருந்த ஜப்பான் கார்கள் பல கொட்டிலுக்குள் போய்ப் படுத்துவிட்டன. வீதியில் ஓடியவை பழைய ஒஸ்ரின் கார்களான ஏ40, கேம்பிறிஜ், பிறகு மைனர். எல்லாம் மண்ணெண்ணெயில்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லத்தான் வேண்டும். பெற்றோல் குளிரிலேயே ஆவியாகும், மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும். ஆகவே எஞ்சினைப் பெற்றோலில் எழுப்பிச் சூடேற்றி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். இங்கிலாந்தில் பெர்குசன் ட்ராக்டர்களில் ஒரு வகை இப்படித்தான் ஓடியது. எங்கள் கராஜ் அண்ணைக்கு அது தெரியாது. அவர் தானாகவே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். பிளக்கில் பொறி விழும் நேரமான ரைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினார். எங்கள் எஞ்சின் 803 சிசி, 30 குதிரைவலு, சிலிண்டருக்குள் அமுக்கம் 7.2க்கு 1, குறைவுதான். அமுக்கம் கூடிய எஞ்சினென்றால் அந்த எண்ணெயில் டங் டங் என்று தட்டித் தன்னையே உடைத்துக்கொள்ளும். இது இருமிக்கொண்டு, வெள்ளையாகப் புகைந்துகொண்டு, போனது.

காலையில் என் வேலை பெற்றோல் சொட்டு விடுவது. எயர் கிளீனரைக் கழற்றி, காபரேற்றரின் வாய்க்குள் இருக்கும் பிஸ்ரனை விரல் நுனியால் தூக்கிப் பிடித்து, மருந்துப் போத்தலில் செருகின சேலைன் ரியூப்பால் ஐந்து சொட்டு. ஆறாவது விட்டால் அப்பாவிடம் ஏச்சு. பற்றறி செத்துக்கொண்டிருந்தது, ஸ்ராட்டரைச் சுற்ற அதில் பலமில்லை. சுவிச்சைப் போட்டால் எஞ்சினுக்குப் பின்னால் எரிபொருள் பம்ப் டிக், டிக் என்று அடிக்கும், அவ்வளவுதான். அப்பா முன்னால் குனிந்து, எஞ்சினைக் கையால் சுற்றி எழுப்பும் ஹாண்டிலைப் போடுவார். பிடித்துவிட்டால் நான் விரலை எடுப்பேன். மண்ணெண்ணெய் வடிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கிவிடும் என்பதால், பின்னேரங்களில் அப்பா ஒயில் குச்சியை இழுத்து மணந்து பார்ப்பார். மற்றப்படி சோற்றைக்கூட மணந்து பார்க்காத மனிதர்.

எனக்கு அந்தக் காரில் பிடிப்பு வந்தது அங்கேதான், அந்த விரலில். ஏறிப் போன பயணம் ஒன்றும் ஞாபகமில்லை. உமக்கு ஏசி வேண்டியிருக்கிறது!

1995 அக்டோபர் 30 இரவு, ராணுவம் நெருங்கிவர, யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க எழும்பி நடந்ததை உமது வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அப்பம்மாவால் நடக்க ஏலாது. அவரைப் பின்சீற்றில் இருத்தி, மழைக்குள் செம்மணிப் பக்கம் இறங்கினோம். சனம் அடி அடியாக நகர்ந்தது. மண்ணெண்ணெயில் மெதுவாக உறுமிக்கொண்டு நிற்க அந்த எஞ்சினுக்கு வராது, சூடு குறையும், பிளக் கரி பிடிக்கும். மூன்றாந்தரம் நின்றதும் அப்பா ஹாண்டிலை எடுக்கவில்லை. தள்ளினோம். யாரென்றே தெரியாத ஒருவர் தன் சைக்கிளைக் காரின் கூரையில் கட்டிவிட்டு எங்களோடு தள்ளினார். விடியும்போது நாவற்குழிப் பாலம் தாண்டியிருந்தோம். சைக்கிளை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார், பேர்கூடக் கேட்கவில்லை. அப்பம்மா உள்ளே இருந்தபடி, "ஏன்ரா மெதுவாப் போறியள்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

சாவகச்சேரியில் தெரிந்தவர் வளவில் காரை விட்டுவிட்டு நாங்கள் வன்னிக்குப் போய், பிறகு கொழும்பு வந்தோம். 2000இல் சண்டையில் சாவகச்சேரி இடிந்துபோனது தெரியும்தானே. 2002இல் யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்தபின் தேடிப் போனேன். வீடு இல்லை, கொட்டிலும் இல்லை. பின்வளவில் புதிதாகக் குடியிருந்த ஆச்சி ஒருவர் கோழி வளர்த்தார். கோழிக்கூட்டின் கூரையாகப் பொனற் இருந்தது. நடுப்பட்டியால் மழைத்தண்ணி இரண்டு பக்கமும் நன்றாக வழியுமென்று ஆச்சி சொன்னார். வேண்டுமென்றால் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். உள்ளே கோழி அடை கிடந்தது. விட்டுவிட்டு வந்தேன்.

மாமாவுக்கு இன்றைக்கே போன் பண்ணும். புதுப் பற்றறி கொடுத்து ஸ்ராட்டரை அடிக்க வேண்டாம் என்று சொல்லும். நாலு பிளக்கையும் கழற்றி, ஓட்டைகளுக்குள் கொஞ்சம் ஒயில் விட்டு, இரண்டு நாள் ஊறவிட்டு, ஹாண்டிலால் கையால் சுற்றிப் பார்க்கட்டும். சுற்றினால் எனக்கு எழுதும். சுற்றாவிட்டாலும் எழுதும், ரொயோட்டாவுக்கு மட்டும் போகாதேயும்.

நிறம் கேட்டிருந்தீர், மறந்துபோனேன். பொனற்றைத் தூக்கி உட்புறத்தைப் பாரும். வெளியே வெயில் தின்றிருக்கும், உள்ளே பழைய நிறம் கிடக்கும். எங்களுடையது பச்சை. கூட்டுக்குள் தலையை விட்டுத்தான் பார்த்தேன், கோழி கொத்திவிட்டது.