சமயபுரத்தாளும் மாவிளக்கும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பங்குனியில் அம்மாவை அழைத்துக்கொண்டு சமயபுரம் போகிறோம். இங்கே எங்கள் வட்டாரக் கோயிலில் பால்குடப் பாலை அம்மன்மேல் ஊற்றுவதைப் பார்த்தே வளர்ந்தோம். சமயபுரத்தில் மூலவருக்கு அபிஷேகமே கிடையாதாமே, ஏன்? அம்மாவுக்கு மாவிளக்கு நேர்த்தி இருக்கிறது. கடை அரிசிமாவில் நான் பிடிக்கும் விளக்கு, எரியும்போதே வெடித்து நெய் ஒழுகிவிடுகிறது. மாவை இங்கிருந்தே கொண்டுபோகலாமா?

வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். சமயபுரத்தாளின் மூலத் திருமேனி கல் அல்ல. மூலிகைகள் சேர்த்துச் செய்த சுதை. தண்ணீரோ பாலோ பட்டால் கரையும். அதனால் அபிஷேகமெல்லாம் உற்சவ அம்மனுக்குத்தான். உங்கள் பாலும் அங்கேதான் சேரும். அம்மாவிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். சன்னிதியில் நின்றுகொண்டு ‘பாலை ஊற்றவே இல்லையே’ என்று அவர் மனம் வாடக்கூடாது.

நீங்கள் போவது பங்குனியில் என்பது பெரிய விஷயம். மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதலோடு தொடங்கி, பங்குனிக் கடைசி ஞாயிறு வரை 28 நாள் அம்மனே விரதம் இருக்கிறாள். பக்தர்கள் தெய்வத்துக்காக நோன்பிருப்பது எங்கும் உண்டு; இங்கே தெய்வம் பக்தர்களுக்காகப் பட்டினி கிடக்கிறது. பச்சைப் பட்டினி என்று பெயர். அந்த நாள்களில் அடுப்பேறிய தளிகை கிடையாது. இளநீர், நீர்மோர், பானகம், துள்ளுமாவு, இவ்வளவுதான்.

துள்ளுமாவு என்பது பச்சரிசி மாவும் வெல்லமும். உங்கள் அம்மா நேர்ந்த மாவிளக்கும் அதே பண்டம்தான். விரதமிருப்பவளுக்கு அவள் உண்பதையே விளக்காக்கிக் கொண்டுபோகிறீர்கள். ஆகவே மாவை வறுக்காதீர்கள், வெல்லத்தைப் பாகு காய்ச்சாதீர்கள்.

விளக்கு வெடிப்பதற்குக் காரணம் அந்தக் கடை மாவு. பாக்கெட் மாவு காய்ந்த மாவு, வெல்லத்தோடு ஒட்டாது. ஒட்டவில்லையே என்று தண்ணீர் தெளித்துப் பிசைகிறோம். சுடர்ச் சூட்டில் அந்த ஈரம் காய்ந்ததும் குழியைச் சுற்றிக் கீறல் விடுகிறது. பச்சரிசி 400 கிராம் எடுத்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, வெள்ளைத் துணியில் நிழலில் பரப்புங்கள். அரைமணியில் ஒரு பிடி அள்ளி அழுத்திப் பாருங்கள்: உள்ளங்கை நனையக்கூடாது, அரிசியை விரலால் நசுக்கினால் பொடிய வேண்டும். அந்தப் பதத்தில் அரைத்துச் சலித்து, ஈரம் போகுமுன் 250 கிராம் பொடித்த வெல்லமும் நான்கு ஏலக்காயும் சேருங்கள். வெல்லத்தை ஒரே தடவையில் கொட்ட வேண்டாம். கொட்டினால் சிறிது நேரத்தில் அது நீர்விட்டு மாவு கூழாகிவிடும். கோலாலம்பூர் ஈரக்காற்றில் வெல்லம் ஏற்கனவே கசிந்துதான் இருக்கும். குலா மலாக்கா என்ற தென்னை வெல்லம் இன்னும் இளகும், வேண்டாம்.

கடைசியில் இரண்டு கரண்டி நெய் விட்டு அழுத்தி உருட்டுங்கள். குழியை விரலால் தோண்டாமல் ஒரு சிறிய எலுமிச்சம்பழத்தை வைத்து அழுத்தினால் சுவர் சீராக வரும். சுவர் ஒரு விரல் கனமாவது இருக்கட்டும். குழியின் உள்ளே உறைந்த நெய்யைப் பூசிவிட்டு, குட்டையான தடித்த திரி போட்டு, பாதிக் குழிக்கு மட்டும் நெய் விடுங்கள். விளக்கு மலையேறிய பிறகு கருகிய இடத்தைக் கிள்ளி எடுத்துவிட்டு, மீதியைப் பிரசாதமாகப் பகிரலாம்.

ஈரமாவை இங்கிருந்து கொண்டுபோனால் புளித்துவிடும். அரைத்த மாவை வெல்லம் சேர்க்காமல் நன்றாக உலர்த்திக் கொண்டுபோங்கள். திருச்சியில் தங்கும் அறையில் லேசாக நீர் தெளித்து, மூடிவைத்து, மாவு முழுக்க ஈரம் பரவியபின் வெல்லம் சேருங்கள். அரிசி ஊறவைத்து அரைத்த மாவு என்பதால் பாக்கெட் மாவைவிட நன்றாகவே பிடிக்கும். நெய்யும் வெல்லமும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

தலவரலாறும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காவிட்டாலும் ஒன்று சொல்கிறேன். அம்மன் முதலில் ஸ்ரீரங்கத்தில் இருந்தாள், உக்கிரம் தாளாமல் அங்கிருந்து எடுத்துவந்தவர்கள் வழியில் இளைப்பாறிய ஊர் இனாம் சமயபுரம், பிறகு இப்போது பெரிய கோயில் இருக்கும் கண்ணனூரில் அமர்த்தினார்கள் என்பது ஐதிகம். அரங்கன் அவளுக்கு அண்ணன். தைப்பூசத்தன்று, நாம் பத்துமலையில் முருகனிடம் நிற்கும் அதே நாளில், அவள் கொள்ளிடக் கரைக்கு எழுந்தருள, ஸ்ரீரங்கத்திலிருந்து அண்ணன் சீர் வருகிறது. அந்தக் கண்ணனூர் 13ஆம் நூற்றாண்டில் போசளர் தலைநகரம். வீர சோமேசுவரன் எழுப்பிய சிவன் கோயில், போஜீசுவரர் என்ற பெயரில் பக்கத்திலேயே இருக்கிறது. கூட்டம் அதிகமில்லாத கோயில், அம்மா சற்று உட்காரலாம்.

ஞாயிறு, செவ்வாய், அமாவாசை, பௌர்ணமி நாள்களைத் தவிருங்கள். இனாம் சமயபுரத்தில் ஆதி மாரியம்மனை முதலில் கும்பிட்டுவிட்டு அங்கிருந்து பெரிய கோயிலுக்குப் போங்கள், அவள் வந்த வழியும் அதுதான்.